உயிரின் கணக்கைத் திறந்து காட்டியவர் - டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்



செமிலிங் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர்களிடம் ஹார்வர்ட் என்று சொல்லிப் பாருங்கள். அமெரிக்காவை நினைப்பதற்கு முன்னால் பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தைத்தான் நினைப்பார்கள். முதலாம் பிரிவு, இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என்று அத்தோட்டத்தின் பெயரிலேயே தமிழ்ப்பள்ளிகள் உண்டு. எங்கள் உறவினர் பலர் அங்கே பால் மரம் வெட்டியவர்கள். ஆகவே, ஆறாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, சென்னையில் படித்த ஒரு மருத்துவர் ஹார்வர்டுக்குப் போய் உடலின் ஆற்றல் இரகசியத்தைக் கண்டறிந்தார் என்று ஓர் அறிவியல் நூலில் படித்ததும், நம்ம தோட்டத்துக்கா என்று ஒரு கணம் திகைத்தே போனேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்தது.

அந்த மருத்துவர்தான் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் பல ஆண்டுகளாக இருந்தும் கை வரவில்லை. சென்ற ஆண்டு எனக்குத் தெரிந்த ஒரு தங்கை வந்து கேட்ட இரண்டு கேள்விகள்தாம் என்னை எழுத வைத்தன. அவளும் தோட்டத்துப் பிள்ளை. குடும்பத்திலேயே முதன்முதலாகப் பல்கலைக்கழகத்தில் காலடி வைத்தவள். உயிர்வேதியியல் தாளில் தோல்வி கண்டிருந்தாள். அக்கா, ஒரு குளுக்கோஸிலிருந்து கிடைக்கும் ஏ.டி.பி. 38 என்று ஒரு புத்தகம் சொல்கிறது, 32 என்று விரிவுரையில் சொல்கிறார்கள், எது சரி என்பது முதல் கேள்வி. இரண்டாவது கேள்வியைத் தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்டாள். நான் படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்கே போய்விடட்டுமா?

இரண்டு கேள்விகளுக்கும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் விடை இருக்கக் கண்டேன். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

வாழைப்பழம் விற்கப் புறப்பட்ட சிறுவன்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் பீமவரத்தில் பிறந்தார். இன்று ஆந்திர மாநிலத்தில் இருக்கும் அவ்வூர் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. வீட்டில் பேசிய மொழி தெலுங்கு. எங்கள் தோட்டத்திலும் தெலுங்குக் குடும்பங்கள் இருந்தன. ஒரே லயத்தில் தமிழும் தெலுங்கும் கேட்டு வளர்ந்த எனக்கு அவர் அயலாராகத் தோன்றவே இல்லை.

குடும்பத்தில் பிள்ளைகள் பலர், வருமானமோ குறைவு. பதின்மூன்று வயதில் வீட்டுக்குத் தெரியாமல் காசிக்குப் புறப்பட்டாராம். யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரராகிவிடலாம் என்பது அந்தச் சிறுவனின் திட்டம். பாதி வழியிலேயே பிடித்துக்கொண்டு வந்து மறுபடியும் பள்ளியில் விட்டார்கள் என்று அவரது வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

பள்ளியிலும் அவர் கெட்டிக்காரப் பிள்ளை என்று பெயர் எடுத்தவரல்லர். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்றார். இடையில் தந்தையும் மறைந்தார். தாயார் வெங்கம்மா மனம் தளரவில்லை. தம் நகைகளை விற்றுப் படிக்க வைத்தார் என்பர். சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து மூன்றாம் முறை எழுதித்தான் சுப்பாராவ் தேறினார். உலகப் புகழ்பெற்ற உயிர்வேதியியல் அறிஞர் ஒருவர் பள்ளித் தேர்வை மூன்று முறை எழுதியவர் என்பதைத் தேர்வு முடிவு வெளிவரும் நாட்களில் நம் பிள்ளைகளிடம் சொல்லி வைப்பது நல்லது.

அதன்பின் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். துறவியாகி இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்துவிட வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. தாயார் இசையவில்லை. மடத்தைச் சேர்ந்தவர்களும் மருத்துவம் படித்தால் மக்களுக்குத் தொண்டு செய்யலாமே என்று வழிகாட்டினார்கள். 1915இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். செலவுக்கு வழி இல்லாத காலத்தில், பிற்பாடு அவருக்கு மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி கைகொடுத்தார். அவருடைய மகள் சேஷகிரியை 1919இல் மணந்தார்.

அது காந்தியடிகளின் அழைப்பு நாடெங்கும் ஒலித்த காலம். சுப்பாராவ் அறுவைக் கூடத்திலும் கதராடை அணிந்தார். இது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளைச் சுப்பாராவ் நன்றாகவே எழுதியிருந்தும், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். என்ற சான்றிதழே கிடைத்தது. அதனால் சென்னை அரசு மருத்துவப் பணியில் நுழையும் வாய்ப்பும் போயிற்று. டாக்டர் ஆச்சண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியரானார்.

பட்டம் கைநழுவிப் போனதைக் காட்டிலும் பெரிய அடி அவருக்கு வீட்டில் விழுந்தது. சகோதரர் இருவர் அடுத்தடுத்துச் சில நாட்களில் இறந்தனர். ஸ்பூரு என்னும் வெப்பமண்டல வயிற்று நோய்தான் காரணம். உண்ட உணவு உடலில் ஒட்டாது, ஓயாத பேதி, இரத்தம் வற்றி, உடல் நாளுக்கு நாள் கரைந்துபோகும். சுப்பாராவையும் அதே நோய் பற்றியது. லட்சுமிபதியின் சிகிச்சையால் பிழைத்தார். நல்ல உணவு உண்டும் உடல் ஏன் பட்டினி கிடக்கிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் அவர் கப்பல் ஏறினார்.

இரவில் பணியாள், பகலில் மாணவர்

காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிதியும் மாமனாரும் உதவ, 1922இன் கடைசியில் பாஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வர்டின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை. அவருடைய எல்.எம்.எஸ். சான்றிதழைக் கொண்டு அங்கே மருத்துவராகத் தொழில் பார்க்கவும் முடியாது. பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவுப் பணியாளாகச் சேர்ந்து, நோயாளிகளின் மலச்சட்டிகளைக் கழுவி வைக்கும் வேலையைச் செய்தார். ஊரில் மருத்துவர், இங்கே சட்டி கழுவும் ஆள். விடிந்ததும் வகுப்புக்குப் போவார்.

மனைவியை விட்டு வந்தபோது அவர் கருவுற்றிருந்தார். பிறந்த ஆண் குழந்தை ஓராண்டு நிறைவதற்குள் இறந்துவிட்டது. தந்தை அதன் முகத்தையே பார்க்கவில்லை. மூன்று ஆண்டில் திரும்பிவிடலாம் என்றெண்ணிப் போனவர் கடைசிவரை திரும்பவில்லை. சேஷகிரி அம்மையாரும் கணவரை அதன்பின் பார்க்கவே இல்லை. சுப்பாராவின் பெருமையைப் பேசும்போது இதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. அவருடைய ஆய்வுக்காக அந்த அம்மையார் கொடுத்த விலையை எந்த விருதுக் குழுவும் எண்ணிப் பார்த்ததில்லை.

நீல நிறம் சொன்ன செய்தி

ஹார்வர்டின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து பணியாற்றத் தொடங்கினார். முதல் வேலை, இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க நம்பகமான ஒரு முறையைக் கண்டுபிடிப்பது. சில வேதிப்பொருள்களைச் சேர்த்தால் கரைசல் நீலமாக மாறும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பேட். 1925இல் வெளிவந்த இந்த ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை உலகெங்கும் பரவியது. உயிர்வேதியியல் செய்முறை வகுப்பில் இந்தப் பெயரை இன்றும் நீங்கள் காணலாம்.

இந்த முறையைத் தசைச் சாற்றில் செய்து பார்த்தபோது ஒரு விந்தை நிகழ்ந்தது. நீலம் உடனே வரவில்லை. சிறிது சிறிதாக, தாமதமாக ஏறியது. மற்றவர்களாக இருந்தால் கரைசலில் ஏதோ கோளாறு என்று கொட்டிவிட்டிருப்பார்கள். இவர்கள் இருவரும் விடவில்லை. தசைக்குள் வேறொரு பொருளோடு பிணைந்திருக்கும் பாஸ்பேட், அமிலம் பட்டதும் மெல்ல மெல்லப் பிரிந்து வருகிறது என்று கண்டார்கள். அதுதான் 1927இல் அவர்கள் உலகுக்கு அறிவித்த பாஸ்போகிரியேட்டின். அதே காலத்தில் இங்கிலாந்தில் எக்கிள்டன் இணையரும் இப்பொருளைத் தனியே கண்டிருந்தனர்.

இது ஏன் பெரிய செய்தி? தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலம் உண்டாவதே காரணம் என்று அப்போது நம்பினார்கள். தசை ஆய்வுக்காக 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்ற ஹில், மேயர்ஹோஃப் ஆகியோரின் கருத்து அது. பாஸ்போகிரியேட்டின் அந்த நம்பிக்கையில் முதல் விரிசலை உண்டாக்கியது. 1930இல் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலம் உண்டாகாதபடி தடுத்த தசையும் சுருங்குவதைக் காட்டினார். பழைய கருத்து சரிந்தது.

இதற்கிடையே 1929இல் ஃபிஸ்க்கும் சுப்பாராவும் தசையிலிருந்து இன்னொரு பொருளைப் பிரித்தார்கள். அடினோசினோடு மூன்று பாஸ்பேட்டுகள் வரிசையாகக் கோத்த பொருள். அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏ.டி.பி. ஜெர்மனியில் மேயர்ஹோஃபின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கார்ல் லோமனும் அதே ஆண்டில் இதைக் கண்டறிந்து வெளியிட்டார். பாடநூல்களில் பெரும்பாலும் லோமன் பெயரே முந்தி நிற்கும். இரு குழுக்களும் தனித்தனியே கண்டார்கள் என்பதே நியாயமான கூற்று. மறு ஆண்டு சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார்.

பால் நிறுவையும் ஏ.டி.பி. கணக்கும்

இப்போது தங்கையின் முதல் கேள்விக்கு வருகிறேன். இதற்கு நான் பால் மரத்தைத்தான் துணைக்கு அழைத்தேன்.

அம்மா விடியலில் வெட்டிய பாலை வாளியில் சுமந்துகொண்டு வந்து நிறுவைக்கு வைப்பார். எடையைப் பார்த்த பிறகு பாலின் அடர்த்தியைப் பார்ப்பார்கள். ஏனென்றால், பாலில் ரப்பர் இருப்பது மூன்றில் ஒரு பங்கு அளவுதான். மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். 100 கிலோ பால் கொண்டுபோனாலும் காய்ந்த ரப்பர் 30 முதல் 40 கிலோதான் தேறும். கணக்குப் புத்தகத்தில் ஏறுவது காய்ந்த ரப்பர்தான்.

நம் உயிரணுவும் இப்படித்தான் கணக்குப் பார்க்கிறது. 180 கிராம் குளுக்கோஸ், அதாவது ஒரு மோல், உயிர்வளியோடு சேர்ந்து கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறும்போது வேலைக்குப் பயன்படுத்தக்கூடிய ஆற்றல் ஏறக்குறைய 686 கிலோ கலோரி. இது வாளியில் உள்ள பால். ஒரு மோல் ஏ.டி.பி. உடைந்தால், நியம நிலையில், 7.3 கிலோ கலோரி. உயிரணு கையில் எடுத்துச் செலவழிப்பது இந்த ஏ.டி.பி.யைத்தான். இது காய்ந்த ரப்பர்.

குளுக்கோஸ் மூன்று கட்டங்களில் எரிகிறது. முதலில் கிளைக்காலிசிஸ். இது உயிரணுவின் நீர்மத்தில் நடக்கிறது, உயிர்வளி தேவையில்லை, நிகர இலாபம் 2 ஏ.டி.பி. உயிர்வளி எட்டாவிட்டால் கதை அங்கேயே முடிந்து லாக்டிக் அமிலத்தில் நின்றுவிடும். குனோங் ஜெராய் மலையில் ஓடி ஏறியவர்களுக்குக் கால் கடுத்து மூச்சு வாங்குவதன் பொருள் தெரியும். உயிர்வளி இருந்தால் எஞ்சியவை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய்க் கிரெப்ஸ் சுழற்சியில் சுற்றுகின்றன. அதில் நேரடியாக 2 கிடைக்கிறது. கடைசியில்தான் பெரிய அறுவடை. இரு கட்டங்களிலும் பிரித்தெடுத்த எலக்ட்ரான்களை என்.ஏ.டி.எச். 10ம், எஃப்.ஏ.டி.எச்2. 2ம் சுமந்து வந்து உயிர்வளியிடம் ஒப்படைக்கின்றன. அந்த வழியில்தான் மிகுதியான ஏ.டி.பி. பிறக்கிறது.

பழைய புத்தகங்கள் ஒரு என்.ஏ.டி.எச்.க்கு 3, ஒரு எஃப்.ஏ.டி.எச்2.க்கு 2 என்று முழு எண்ணாகக் கொண்டன. 30ம் 4ம் முன்சொன்ன 4ம் சேர்ந்தால் 38. ஆனால் பீட்டர் மிட்செல் 1961இல் முன்வைத்த கருத்து கணக்கையே மாற்றிவிட்டது. எலக்ட்ரான்கள் நகரும்போது மைட்டோகாண்ட்ரியாவின் உட்படலத்துக்கு வெளியே புரோட்டான்கள் தள்ளப்படுகின்றன. அணையில் தேங்கிய நீர் மதகு வழியே பாய்ந்து சக்கரத்தைச் சுழற்றுவது போல, அந்தப் புரோட்டான்கள் திரும்பி உள்ளே பாயும்போது ஒரு நொதி சுழன்று ஏ.டி.பி.யை உருவாக்குகிறது. மிட்செலுக்கு 1978இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நொதி வேலை செய்யும் விதத்தை விளக்கிய பாயர், வாக்கர் இருவருக்கும் 1997இல் கிடைத்தது.

புரோட்டான் கணக்கில் முழு எண் வரவேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு என்.ஏ.டி.எச். 10 புரோட்டான்களை வெளியே தள்ளுகிறது, எஃப்.ஏ.டி.எச்2. 6. ஒரு ஏ.டி.பி.யை உருவாக்கி வெளியே அனுப்பி வைக்க ஏறக்குறைய 4 தேவை. ஆகவே 2.5ம் 1.5ம்தான் கிடைக்கும். 25ம் 3ம் 4ம் சேர்ந்தால் 32. கிளைக்காலிசிஸில் பிறந்த என்.ஏ.டி.எச். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நேராக நுழைய முடியாது. தன் எலக்ட்ரான்களை வேறொரு கைக்கு மாற்றித்தான் அனுப்பும். அந்த வழியைப் பொறுத்து 2 குறைந்து 30 ஆவதும் உண்டு. எனவே 30 முதல் 32 என்று எழுது, ஏன் என்றும் எழுது என்று தங்கையிடம் சொன்னேன். 38 என்று எழுதியவர்கள் முட்டாள்கள் அல்லர். அளவுகோல் அப்போது அவ்வளவுதான் காட்டியது.

திறன் எவ்வளவு? 38 என்றால் 277 கிலோ கலோரி, அதாவது 40 விழுக்காடு. 32 என்றால் 234, அதாவது 34 விழுக்காடு. பால் நிறுவைக் கணக்குக்கு எவ்வளவு அருகில் வருகிறது பாருங்கள். உயிரணுவுக்குள் இருக்கும் உண்மையான சூழலில் ஏ.டி.பி.யின் மதிப்பு இன்னும் கூடுதல். அப்படிப் பார்த்தால் 50 விழுக்காட்டையும் தாண்டும் என்று கணக்கிடுபவர்களும் உண்டு. உயிர்வளி இல்லாமல் கிடைக்கும் 2 ஏ.டி.பி.யோ, 686இல் 2 விழுக்காடுதான்.

மீதி எங்கே போகிறது? வெப்பமாகிறது. அது வீண் அன்று. நம் உடல் 37 பாகையில் கதகதப்பாக இருப்பது அதனால்தான். தண்ணீர் இல்லாவிட்டால் பால் மரத்திலிருந்து வடியுமா? கணக்கில் ஏறாதது எல்லாம் பயனற்றது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இன்னொன்றையும் சொன்னேன். நம் உடலில் எந்த நேரத்திலும் இருக்கும் ஏ.டி.பி. 250 கிராமுக்குள்தான். ஆனால் ஒரே நாளில் அது உடைந்து, கட்டப்பட்டு, மறுபடியும் உடைந்து, மொத்தத்தில் நம் உடல் எடைக்கு நெருங்கிய அளவு கைமாறுகிறது. சேர்த்து வைத்து வாழும் பொருளன்று அது. செலவழித்துச் செலவழித்துப் புதிதாகும் பொருள். திடீரென்று ஓட வேண்டியிருந்தால், முதல் சில நொடிகளுக்குச் சுப்பாராவ் கண்ட பாஸ்போகிரியேட்டின் கைமாற்றுக் கடன் போலத் தன் பாஸ்பேட்டைக் கொடுத்து ஏ.டி.பி.யைக் காப்பாற்றுகிறது.

கதவு மூடியது, வேறு கதவு திறந்தது

இவ்வளவு செய்த பிறகும் ஹார்வர்ட் அவருக்கு நிலையான பேராசிரியர் பதவி தரவில்லை. தம் பங்கை எடுத்துச் சொல்லி முன்னால் வந்து நிற்கும் பழக்கமும் அவருக்கு இல்லை. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் இளமையில் அதே துறையில் ஆய்வு செய்தவர். சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்கள் அச்சேறாமல் போனதால், பல ஆண்டுகளுக்குப் பிறகு மற்றவர்கள் அவற்றைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்று அவர் வருந்தியிருக்கிறார்.

1940இல் சுப்பாராவ் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். விரைவில் அதன் ஆய்வுத் தலைவரானார். அடுத்து வந்த எட்டு ஆண்டுகளில் நடந்தவற்றை எண்ணினால் வியப்பாக இருக்கிறது.

1945இல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. அதைக் கொடுத்தபோது ஸ்பூரு நோயாளிகளின் இரத்தம் தேறியது, உடல் தேறியது. சகோதரர்களைப் பலிகொண்ட அதே நோய்! இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்த கேள்விக்கு விடை கிடைத்தது. அவர்களைத்தான் திருப்பித் தர முடியவில்லை.

ஃபோலிக் அமிலத்தைச் சற்றே மாற்றி அவர் குழுவினர் செய்த அமினோப்டெரினை, பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. தற்காலிகமானதுதான் என்றாலும், அதுவரை கைவிரித்திருந்த மருத்துவம் 1948இல் முதன்முறையாக அந்நோயைப் பின்வாங்க வைத்தது. அதன் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டு வாதத்துக்கும் பயன்படுகிறது. ஆரியோமைசின் என்னும், டெட்ராசைக்ளின் வகையின் முதல் நுண்ணுயிர்க்கொல்லியை டகர் கண்டறிந்ததும் சுப்பாராவ் தலைமையில் இயங்கிய ஆய்வுக்கூடத்தில்தான்.

1947இல் வெளிவந்த ஹெட்ராசான் என்ற மருந்தை நான் தனியாகக் குறிப்பிட வேண்டும். அது யானைக்கால் நோய்க்கான மருந்து, இன்று டி.இ.சி. என்கிறோம். என் தாத்தாவின் இடக்கால் வீங்கித் தடித்திருந்தது. சிறுவயதில் சுகாதார இலாகாவினர் இரவில் லயத்துக்கு வந்து விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுத்துப் போனது எனக்கு நினைவிருக்கிறது. பகலில் வராமல் நம் தூக்கத்தைக் கெடுக்கிறார்களே என்று பாட்டி முணுமுணுப்பார். அந்தப் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் இரத்தத்தில் உலவும் என்பதைப் பிறகுதான் படித்தேன். தாத்தாவின் கால் பழையபடி ஆகவில்லை; ஆனால் மாத்திரை சாப்பிட்ட எங்கள் தலைமுறையில் யாருக்கும் அந்தக் கால் வரவில்லை. தம்பி வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்குக் கிளினிக்கில் கொடுத்த சின்ன மஞ்சள் மாத்திரை ஃபோலிக் அமிலம். இரண்டு மாத்திரைகளும் எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றுக்குப் பின்னால் நின்றவரின் பெயர் மட்டும் வந்து சேரவில்லை.

1948 ஆகஸ்டு மாதம் சுப்பாராவ் தூக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். வயது 53. நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1995இல், நூற்றாண்டையொட்டி, இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சைப் பேரினத்துக்கு அவர் நினைவாகச் சுப்பாரோமைசிஸ் என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

தங்கைக்குச் சொன்ன விடை

இரண்டாவது கேள்விக்கு நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. சுப்பாராவ் தோற்றவற்றை மட்டும் விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். இரண்டு பள்ளித் தேர்வுகள், ஒரு பட்டம், ஓர் அரசுப் பணி, ஓர் உதவித்தொகை, ஒரு பேராசிரியர் பதவி. எங்கே நின்று விட்டிருந்தாலும் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நானும் எஸ்.டி.பி.எம். தேர்வை இருமுறை எழுதியவள் என்பதையும் அன்றுதான் அவளிடம் சொன்னேன். அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

உடலே நூற்றுக்கு முப்பத்து நான்கு வாங்கித்தான் உயிர் வாழ்கிறது, நீ ஒரு தாளில் தோற்றதற்காக ஏன் இப்படி அழுகிறாய் என்றேன். அழுதுகொண்டே சிரித்தாள். மறுதேர்வு எழுதினாள், தேறினாள். சிறப்புத் தேர்ச்சி இல்லை, தேர்ச்சிதான். போதும்.

நான் பிறந்த காலத்தில் செமிலிங்கைச் சுற்றிப் பால் மரமும் செம்பனையும்தான். இன்று அங்கே ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் நிற்கிறது. நம் பிள்ளைகள் அங்கே மருத்துவம் படிக்கிறார்கள். எங்களுக்குத் தோட்டத்தின் பெயராக மட்டும் இருந்த ஹார்வர்ட் இனி வரும் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தின் பெயராகவும் இருக்கட்டும். அங்கே போவோர் போகட்டும். போகாதவர்களும், கரைசலில் நீலம் தாமதமாக வந்தால் கொட்டிவிடாமல் ஏன் என்று கேட்கக் கற்றுக்கொண்டால், சுப்பாராவுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.

அடுத்த முறை உங்கள் விரிவுரைக் குறிப்பில் ஏ.டி.பி. என்ற மூன்று எழுத்துகளை எழுதும்போது, ஓரத்தில் அவர் பெயரையும் ஒருமுறை எழுதி வையுங்கள்.